“அந்த செட்ட ஏன் விட்டீங்க?”: பாதியில் நின்றுபோன ஒரு பம்பைக் கலைஞர் சந்திப்பு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாட்டார் கலைஞர்களைச் சந்தித்து, அவர்கள் வாழ்க்கையையும் வித்தையையும் ஒலிப்பதிவு செய்து வைக்கிற சிறு குழு எங்களுடையது. ஆறு பேர் இருக்கிறோம். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கேள்விகளைத் தயார் செய்வது என் பொறுப்பு. ஒரு மூத்த பம்பைக் கலைஞரை நாங்கள் மேடையில் வைத்துப் புண்படுத்தியதையும், அதன்பிறகு நடந்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதை எழுத அவரும் அவர் மனைவியும் சம்மதம் தந்தார்கள். எழுதியதை அவர்கள் மகன் படித்துக் காட்டிய பிறகுதான் வெளியிடுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க இரண்டொரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் போக்கை மாற்றவில்லை.

பின்னணி

காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பம்பைச் சத்தம் கேட்காமல் அம்மன் திருவிழா நடக்காது. கரகம் ஜோடிக்க, சாமி அழைக்க, அலகு குத்த, ஆடிப்பெருக்கன்று தென்பெண்ணை ஆற்றுக்குச் சாமியைக் குளிக்கக் கொண்டுபோக, மகாசிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளைக்குக் கிளம்ப, எல்லாவற்றுக்கும் பம்பைக்காரர் வந்தாக வேண்டும். வெண்கலத்தில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று இரண்டு மேளங்களைச் சேர்த்துக் கட்டி, இடுப்போடு மாட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கிற வாத்தியம் அது. அடிக்கிறவரே பாடவும் வேண்டும். அம்மனைக் கூப்பிட்டு, அவள் கோலத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுவது வர்ணிப்பு. வர்ணிப்புப் பாடத் தெரியாதவரை ஊரில் பம்பைக்காரர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு என்று நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு செட். செட்டுக்கு ஒரு பெயர், ஒரு தலைவர், ஒரு போன் நம்பர். புக்கிங் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்குகிறவர் தலைவர். கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பவரும் அவரே. எழுத்தில் எதுவும் இருக்காது. ஒருவர் செட்டை விட்டு விலகினால் பெயரும் நம்பரும் தலைவரிடம் நின்றுவிடும். விலகியவர் தன் கையையும் தொண்டையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வருவார். இந்த ஒரு விவரத்தை நான் அன்றே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது.

நாங்கள் அழைத்த கலைஞருக்கு வயது ஐம்பத்தெட்டு இருக்கும். ஒரே செட்டில் 19 வருடம் பம்பை அடித்துப் பாடியவர். அந்த செட்டின் பெயர் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் தெரிந்த பெயர். இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், அதாவது 2004-க்கு முன், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வரைக்கும் அவர்கள் போகாத திருவிழா குறைவு. அவர்கள் வர்ணிப்பு கேசட்டாகவும் வந்தது. டீக்கடையிலும் டெம்போவிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் அந்த செட்டை விட்டு வந்துவிட்டார். இப்போது மகனையும் இன்னும் இரண்டு பையன்களையும் வைத்துச் சொந்தமாக ஒரு செட் நடத்துகிறார்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒரு மாலை, ஒரு கலைஞர் என்று நடத்திவந்தோம். முதல் பாதி பேச்சு, பின்பாதி வாசிப்பு. இவருக்கு முன் எட்டுப் பேர் வந்துபோயிருந்தார்கள். மாசியில் வேலை தொடங்கிவிட்டால் கையில் கிடைக்கமாட்டார் என்று தை மாதத்து ஞாயிறு ஒன்றில் தேதி வைத்தோம்.

அந்த மாலையில் கண்டது

வாசலில் ஒட்டியிருந்த நோட்டீசைத்தான் அவர் முதலில் பார்த்தார். புகழ்பெற்ற அந்த செட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, அதன் “முன்னாள் பாடகர்” என்று கீழே அவர் பெயரைப் போட்டிருந்தோம். எழுதியவன் நான். கூட்டம் வரட்டும் என்று எழுதினேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதை ஒருமுறை படித்தார், மகனைப் பார்த்தார், உள்ளே வந்தார். எதுவும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பார்த்தும் அதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெண்கலப் பம்பையின் நடுவே ஒரு சிவப்புத் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தார். பேச உட்காரும் முன் அந்தத் துணி சற்று நழுவியது. கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் இழுத்துக் கட்டினார். அம்மன் வாத்தியம், அதனால் சிவப்புத் துணி என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபது பேர் வந்திருந்தார்கள். கேள்வி கேட்டது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் குழுப் பெண். கேள்வித் தாள் நான் எழுதிக் கொடுத்தது. முதல் இரண்டு கேள்விக்கும் அவர் நன்றாகவே பேசினார். சின்ன வயதில் மாடு மேய்க்கப் போன இடத்தில் டப்பாவில் தாளம் போட்டது, முதல்முதலாகச் சாமி அழைக்க நின்றபோது தொடை நடுங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றாவது கேள்வி: “ஐயா, அவ்வளவு பேர் வாங்கின செட்ட ஏன் விட்டீங்க?”

பம்பையின் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். “அத உட்டுட்டு வேற கேளும்மா” என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தப் பெண் உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அது சரியாகத்தான் செய்தது. ஆனால் கூட்டத்துக்குள் ஒரு மைக்கைச் சுற்றவிட்டிருந்தோம். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “அண்ணா, அந்தக் கேசட்டுல வர்ற அங்காளம்மன் வர்ணிப்ப ஒருக்கா பாடுங்கணா” என்றார். ஆசையாய்க் கேட்டதுதான். அவர் சிரித்துச் சமாளித்தார். உடனே இன்னொருவர் மைக்கை வாங்கி, “நீங்களும் அவரும் சேந்து அடிச்சா அது தனிங்க. மறுபடி சேர்ற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா? என்னதான் சண்ட?” என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் எழுந்துவிட்டார். “இப்ப நான் பாடறதக் கேக்க வந்தீங்களா, அப்ப பாடுனதக் கேக்க வந்தீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. பம்பையை உறையில் போட்டு மகனிடம் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, “வரேன் வாத்தியாரே” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒலிப்பதிவுக் கருவியில் 22 நிமிடம் ஓடியிருந்தது.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

கூட்டத்தை அனுப்பிவிட்டு ஆறு பேரும் உட்கார்ந்தோம். முதல் முடிவு, அந்த 22 நிமிடத்தை யாருக்கும் அனுப்புவதில்லை என்பது. அதை உடனே எடுத்தோம். கூட்டத்தில் செல்போனில் எடுத்த இரண்டு பேரையும் தெரியும். வீட்டுக்கே போய்ச் சொல்லி அழிக்கச் செய்தோம். ஒருவர் சம்மதிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இரண்டாவது, அன்றிரவே போன் போட்டு மன்னிப்புக் கேட்பதில்லை. ஒரு நண்பர் உடனே பேச வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மனிதரிடம் போனில் மன்னிப்புக் கேட்டால், நம் மனசுக்கு ஆறுதலாக இருக்கும், அவருக்கு என்ன இருக்கும்? மகனுக்கு மட்டும், “ஐயாவப் பாக்க ரெண்டு நாள் கழிச்சி வர்றோம், வரலாமான்னு கேட்டுச் சொல்லுங்க” என்று செய்தி அனுப்பினோம். மறுநாள் மதியம் “வாங்க” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

காரணம் என்ன என்பதில்தான் பேச்சு நீண்டது. “கலைஞன்னா ஒரு கர்வம் இருக்கத்தான் செய்யும்” என்று எங்களில் மூத்தவர் சொன்னார். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிற இளைஞர் ஒருவர் குழுவில் இருக்கிறார், மேல்நாட்டு ராக் இசை நிறையக் கேட்பவர். உலகம் முழுக்க இதே கதைதான் என்றார். 1970-இல் பீட்டில்ஸ் பிரிந்ததிலிருந்து அந்த நால்வரும் எங்கே போனாலும் எப்போது சேர்வீர்கள் என்ற கேள்வி பின்னாலேயே போனதாம். பிங்க் ஃபிளாய்டிலிருந்து ரோஜர் வாட்டர்ஸ் 1985-இல் விலகினார். குழுப் பெயரை மற்றவர்கள் வைத்துக்கொண்டு தொடர, அவர் மறு ஆண்டு நீதிமன்றத்துக்கே போனார், 1987-இல் சமரசம் ஆனது. அவ்வளவு தூரம் ஏன், நம் விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்தார்கள். முப்பது வருடம் கழித்து 1995-இல் ஒரு படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். நடுவில் இருந்த முப்பது வருடமும் இருவரும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஊர் கேட்டது ஒரே கேள்வி.

கர்வம் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. கர்வம் உள்ளவர் முதல் தடவையே எழுந்து போயிருப்பார். இவர் “வேற கேளும்மா” என்று எங்களுக்கு ஒரு வழி காட்டினார். மூன்றாவது தடவை கேட்டபிறகுதான் எழுந்தார். அதற்குமேல் அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு காரியத்தை அன்றிரவு செய்யத் தவறினேன். கேள்வி கேட்ட பெண், தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அழுதிருக்கிறது. அந்தக் கேள்வியை எழுதியது நான்தான் என்று அதன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அவர் வீட்டில் தெரிந்தது

மூன்றாம் நாள் நானும் இன்னொருவரும் போனோம். வெற்றிலை பாக்கு, பழம், காவேரிப்பட்டணத்து நிப்பட்டு ஒரு பொட்டலம். “தப்பு எங்களுது. நோட்டீசு எழுதினதும் கேள்வி எழுதினதும் நான்” என்று சொன்னேன். அவர் தட்டை வாங்கித் திண்ணையில் வைத்தார். “உக்காருங்க வாத்தியாரே. நானும் அப்படி எழுந்து வந்திருக்கக் கூடாதுதான்” என்றார்.

அன்று தெரிந்தவை ஒரே மூச்சில் வந்தவை அல்ல. அவர் சொன்னது கொஞ்சம், மகன் சொன்னது கொஞ்சம், மனைவி சொன்னது கொஞ்சம்.

முதலாவது, பிழைப்பு. புக்கிங் கேட்டு வரும் போனில் முக்கால்வாசி “நீங்க அந்த செட்டுதானுங்களே?” என்றுதான் ஆரம்பிக்குமாம். இல்லை, இப்போது தனி செட் என்றால் ஒருவர் சம்பளத்தைக் குறைத்துக் கேட்பார். இன்னொருவர் அந்த செட்டின் நம்பரை இவரிடமே கேட்பார். “நான் குடுத்துதான் அனுப்புவேன் வாத்தியாரே. என்ன பண்றது? சாமி காரியம்” என்றார். பன்னிரண்டு வருடமாக இப்படி. நாங்கள் அச்சடித்து ஒட்டிய நோட்டீசும் அதைத்தான் செய்திருக்கிறது. படிப்பகத்துக்கு வந்த அறுபது பேரில் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் நாலு பேராவது இருந்திருப்பார்கள். அவர்கள் மனதில் நாங்கள் பதித்தது யார் பெயரை?

இரண்டாவது, கேசட். பாடிய குரல் இவருடையது. அட்டையில் இருந்த பெயரும் படமும் தலைவருடையது. பதிவுக்குப் போன நாளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தார்களாம், அதோடு சரி. அந்தப் பாட்டெல்லாம் இப்போது செல்போனில் தலைவர் பெயரோடு சுற்றுகிறது. இவரே ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் அதைப் போட்டுக்காட்டி, “என்ன குரலுங்க பாருங்க அவருக்கு” என்றாராம். பாடுகிறவர், வாசிக்கிறவர்களுக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டக் கேட்கும் உரிமை 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 38பி பிரிவாக வந்தது. எங்களோடு வந்த நண்பர் இதை எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: “மாமா மேல கேசு போடச் சொல்றீங்களா?”

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த செட்டின் தலைவர் இவர் சொந்த அக்காவின் கணவர். இவருக்குப் பதினாறு வயதில் குச்சியைக் கையில் கொடுத்தவரும் அவரே.

மூன்றாவதை அவர் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போனபோது அவர் மனைவி சொன்னார். ஒரு சீசன் கணக்கில் வந்த பேச்சுதான் முதலில். பிறகு சாராயம் குடித்துவிட்டு யாரோ சொன்ன ஒரு வார்த்தை, அதற்கு இவர் பதில் வார்த்தை. அதோடு போக்குவரத்து நின்றது. இரண்டு வருடம் கழித்து அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. மாமன் சீர் வேறு யாரோ பங்காளி முறையில் வைத்து மணவறையில் உட்காரவைத்தார்கள். “அன்னிக்குப் பூரா அந்தத் துணிய எடுத்துக் கட்டறாரு, அவுக்கறாரு, கட்டறாரு. சோறு திங்கல” என்றார் அந்த அம்மா.

எந்தத் துணி என்று கேட்டேன். உள்ளே போய்ப் பம்பையை எடுத்துவந்து, சிவப்புத் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல வெண்கலத்தில் புள்ளிப் புள்ளியாகப் பழைய செட்டின் பெயர் வெட்டியிருந்தது. சொந்தக் காசில் வாங்கின பம்பை, செட்டின் பெயரை ஆசையாய் வெட்டிக்கொண்டது. சுரண்டினால் வெண்கலம் மெலிந்து நாதம் போய்விடும். புதிது வாங்க மனசு வரவில்லை. பன்னிரண்டு வருடமாகத் துணிதான்.

நாங்கள் மேடையில் மைக்கைப் பிடித்துக் கேட்டது இதைத்தான். அறுபது பேர் முன்னால், அக்கா உன்னை ஏன் விலக்கினாள் என்று கேட்டிருக்கிறோம்.

அடுத்து எடுத்த முடிவும் அதன் காரணமும்

மறுபடி பதிவு செய்யலாமா என்று நாங்களாகக் கேட்கவில்லை. புறப்படும்போது அவரே, “நான் பாதியில வந்துட்டேன். பங்குனி கழியட்டும், இங்க வாங்க” என்றார். போகும் முன் குழுவில் பேசி இரண்டு விஷயம் உறுதி செய்துகொண்டோம். அந்த செட்டைப் பற்றி நாங்கள் வாயெடுப்பதில்லை. அவரே பேசினால் கேட்பது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு துணைக்கேள்வி போடுவதில்லை. கேள்வி எல்லாம் கையைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் இருக்கட்டும் என்று தாளையே புதிதாக எழுதினேன். இந்த முறை எழுதியதை முன்கூட்டியே மகனிடம் அனுப்பினேன்.

இதில் எங்களுக்குள் ஒரு முரண்பாடு இருந்தது. 19 வருட வரலாற்றை விட்டுவிட்டு எடுக்கும் பதிவு என்ன பதிவு என்று ஓசூர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு மாவட்டத்துப் பம்பைக் கலையில் அந்த செட்டுக்கு ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் எத்தனை வருடம் இருப்பார்கள்? நான் சொன்ன பதில் இதுதான்: வரலாறு அவரிடம் இருக்கிறது, கேட்கிற உரிமை நம்மிடம் இல்லை. அவர் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்.

இரண்டாம் பதிவு

சித்திரையில் ஒரு காலை, அவர் ஊர்க் கோயில் வேப்பமரத்தடியில். நாங்கள் மூன்று பேர், அவர், மகன். மாங்காய் லாரிகள் போகிற சத்தம் அவ்வப்போது பதிவில் விழுந்திருக்கிறது, மற்றபடி நல்ல பதிவு. 2 மணி 40 நிமிடம்.

தோல் கட்டுவது, வெயிலில் காயவைப்பது, மழைக்காலத்தில் தோல் தளர்ந்தால் தீயில் காட்டுவது, கூட்டத்தில் யாருக்குச் சாமி வரப்போகிறது என்று முன்னமே எப்படித் தெரியும் என்பது (“மொதல்ல கால் கட்டவெரல் பேசும், அதப் பாத்துக்கிட்டே இருக்கணும்”), சாமி வராதபோது வர்ணிப்பை எந்த இடத்திலிருந்து திரும்ப எடுப்பது என்று பேச்சு போனது. ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். ஓர் இடத்தில் அடி சட்டென்று இரட்டித்து, இடக்கை மட்டும் தனியாக ஓடி, வலக்கை வந்து அதைப் பிடித்தது. அந்தப் பெண்தான் கேட்டது: “ஐயா, இந்த அடி யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?”

“மாமாகிட்டதான்.”

நாங்கள் யாரும் அசையவில்லை. அவர் குச்சியை மாற்றிப் பிடித்தார். “எங்க மாமாவுக்கு இடக்கைதான் பேச்சு. எனக்கு வலக்கை. அதனால நான் அடிச்சா இப்படி வரும்” என்று ஒருமுறை அடித்தார். “அவரு அடிச்சா இப்படி.” இரண்டாவது அடித்தபோது தோளே வேறு மாதிரி சாய்ந்தது, கழுத்து ஒரு பக்கம் ஒடிந்தாற்போல நின்றது. மகன் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது புதிது போலிருந்தது. பத்து நிமிடம் மாமாவின் கையை அவர் கையால் வாசித்துக் காட்டினார். அரூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் விடியவிடிய மழை பெய்தும் மாமா நிறுத்தாமல் அடித்ததைச் சொன்னார். ஏன் விலகினார் என்பதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. என் முப்பத்திரண்டு வருட வாத்தியார் வேலையில் பக்கத்தில் இருந்து பார்த்த நல்ல பாடம் அந்தப் பத்து நிமிடம்.

மறுபடியும் மேடை

ஆவணியில் படிப்பகத்துக்கு மறுபடி வரச் சம்மதித்தார். நோட்டீசில் அவர் பெயர், அவர் செட்டின் பெயர், ஊர். வேறு ஒன்றும் இல்லை. அச்சுக்குப் போகும் முன் காட்டினோம். “செட்டு பேர இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க” என்றார். போட்டோம்.

கூட்டத்துக்குள் மைக் சுற்றுவதை நிறுத்திவிட்டு, கேள்வியைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னோம். 11 சீட்டு வந்தது. மூன்று சீட்டில் பழைய செட் இருந்தது. மூன்றையும் மறைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படிச் செய்தால் அவரை நாங்கள் சின்னப் பிள்ளையாக நடத்துவதாகிவிடும் என்று எனக்குப் பட்டது. எல்லாச் சீட்டையும் இடைவேளையில் மகனிடம் கொடுத்தோம். அவன் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் கேட்டு, எதற்குப் பதில் என்று அவரே பிரித்தார்.

அந்த மூன்றில் இரண்டைத் தள்ளிவைத்தார். மூன்றாவதை எடுத்துக்கொண்டார். அதில் எழுதியிருந்தது: “சின்ன வயசுல நாங்க கேட்ட அந்தக் கேசட்டுல பாடினது நீங்கதானாங்க?”

மேடையில் அதை அந்தப் பெண் படித்ததும், “ஆமாங்க, நான்தான்” என்றார். கேட்காமலே நாலு வரி பாடினார். இத்தனை நாள் அவர் வெறுத்தது பழைய செட்டின் பேச்சை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அந்த எண்ணத்தைத் திருத்திக்கொண்டேன். தள்ளிவைத்த இரண்டும் பிரிவைக் கேட்டவை, எடுத்துக்கொண்டது அவர் குரலைக் கேட்டது.

எதிர்பாராத ஒரு புகார்

இதோடு முடிந்தது என்று இருந்தோம். பத்து நாளில் ஒரு பெரியவர் படிப்பகத்துக்கு வந்தார். பழைய செட்டில் கைச்சிலம்பு ஆடியவர், இப்போதும் அந்த செட்டில்தான் இருக்கிறார். நிகழ்ச்சி பற்றிக் கேள்விப்பட்டு காரிமங்கலம் தாண்டியிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

“பத்தொம்பது வருசம் அவன் பாட்டுக்கு நான் ஆடியிருக்கிறேன். கால்ல ஆணி விழுந்து கெடக்குது பாருங்க. நீங்க எடுத்த பதிவுல எங்க பேரு ஒண்ணுகூட இல்லியாமே? அவனுக்கு வலிக்கும்னு எங்களத் தூக்கி வெளிய போட்டுட்டீங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது சரி. ஒருவரைப் புண்படுத்திவிட்டோம் என்ற பதற்றத்தில், அந்த செட்டில் இன்னும் இருக்கிறவர்களுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்பதை யோசிக்கவே இல்லை. விலகியவரிடம் ஏன் விலகினாய் என்று கேட்பது ஒரு வகை வலி. விலகாமல் இருந்தவரிடம் யாருமே எதுவும் கேட்காதது வேறு வகை.

அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, அன்றே ஒரு மணி நேரம் பதிவு செய்தோம். அவரிடமும் பிரிவைப் பற்றிக் கேட்கவில்லை. பம்பைக் கலைஞரிடம் அன்று மாலையே போய் விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பதிவை மறைத்து எடுத்ததாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவர் சற்று யோசித்து, “அவரு நல்லா ஆடுவாரு. எடுங்க” என்றார். பிறகு, “கால் எப்படி இருக்குதாம்?” என்று கேட்டார்.

இனி மாற்றிக்கொள்வது

நோட்டீசின் ஒவ்வொரு வார்த்தையையும் அச்சுக்கு முன் கலைஞரிடம் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. “முன்னாள்” என்ற சொல்லை நாங்களாகப் போடுவதில்லை. அழைக்கப் போகும்போதே, “மேடையில எதக் கேக்க வேண்டாம்?” என்று தனியாகக் கேட்கிறோம். பெரும்பாலோர் “எதையும் கேளுங்க” என்பார்கள், ஆனால் கேட்டுவைத்தால் பிறகு பேச்சு வேறு மாதிரி திறக்கிறது. கேள்வித் தாளின் அடியில் எழுதியவர் பெயரை எழுதுகிறோம். மேடையில் கேட்கிற இளையவர்கள்மேல் பழி விழக் கூடாது.

ஒரு செட்டைப் பற்றி ஒருவரைப் பதிவு செய்தால் அதே செட்டில் இருந்த இன்னொருவரையாவது பதிவு செய்வது என்றும் முடிவெடுத்திருக்கிறோம். இதை எல்லா இடத்திலும் செய்ய ஆள் போதாது. முடிந்தவரை செய்கிறோம்.

தகவல் தாளில்தான் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு கலைஞருக்கும் ஒரு தாள் உண்டு. அதில் “இருந்த குழுக்கள்”, “விலகிய காரணம்” என்று இரண்டு வரி நான் போட்டது. பம்பைக் கலைஞரிடம் தாளைப் படித்துக்காட்டினேன். சேர்ந்த வருடமும் விலகிய வருடமும் இருக்கலாம் என்றார். அடுத்த வரிக்கு வந்ததும் கையை மட்டும் ஆட்டினார். அந்த வரியை அவர் தாளிலிருந்து மட்டுமல்ல, எல்லோர் தாளிலிருந்தும் எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் “யாரிடம் கற்றார்” என்று ஒரு வரி சேர்த்தோம். அவர் தாளில் அந்த இடத்தில் மாமாவின் பெயர் இருக்கிறது, அவர் சொல்லச் சொல்ல எழுதியது.

கைச்சிலம்புக் கலைஞரின் பதிவு இன்னும் எழுத்தாகவில்லை. அவர் சொன்ன ஊர்ப் பெயர்களில் நாலைந்து எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகிறோம்.